மூழ்கும் பலகை எப்படிப் பறக்கிறது?

கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது விபத்துபோலத்தான் தெரியும். ஒருவர் முழங்கால் அளவு நீரில் நிற்கிறார், ஆனால் அங்கே ஆழம் நான்கு ஆள் உயரம். காலுக்கடியில் இருக்கும் பலகை கண்ணுக்குத் தெரியவில்லை. தலைக்கு மேல் காற்றடைத்த ஒரு துணி இறக்கையைப் பிடித்திருக்கிறார். சில விநாடிகள் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு பலகையின் மூக்கு நீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. இன்னும் சில மீட்டர் போனதும் பலகை முழுவதும் நீரை விட்டு எழும்பி, ஒல்லியான ஒரு தண்டின் மேல் ஓசையின்றிப் பறக்கத் தொடங்குகிறது.

இதுதான் விங் ஃபாயில். கையில் பிடிப்பது விங். பலகைக்கு அடியில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டு. அதை மாஸ்ட் என்பார்கள். அதன் நுனியில், நீருக்குள் விமான இறக்கைபோல விரிந்திருப்பது ஃபாயில். நீர் காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது என்பதால், ஒரு முறத்தளவு ஃபாயிலே ஓர் ஆளைத் தூக்கிவிடும். இத்தாலியரான என்ரிகோ ஃபோர்லானினி 1906ஆம் ஆண்டிலேயே மஜ்ஜோரே ஏரியில் ஒரு படகை இப்படி நீருக்கு மேலே தூக்கி ஓட்டிக் காட்டினார். அவரிடம் இயந்திரம் இருந்தது. நம்மிடம் இருப்பது காற்றும், ஆளைத் தாங்க முடியாத ஒரு பலகையும்.

தாங்க முடியாத பலகையை ஏன் வேண்டுமென்றே செய்துகொள்ள வேண்டும்? அதற்கு முன் அந்த 'முடியாத' என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

75 கிலோ எடையுள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பலகை, ஃபாயில், விங், நனைந்த உடை எல்லாம் சேர்த்து மொத்தம் 88 கிலோ. பலகையின் கன அளவு 65 லிட்டர். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1.025 கிலோ. ஆகவே முழுவதும் மூழ்கினாலும் இந்தப் பலகை தாங்கக்கூடியது 67 கிலோவுக்கும் சற்றுக் குறைவுதான். ஃபாயிலும் மாஸ்ட்டும் இடம்பெயர்க்கும் நீரால் ஓரிரண்டு கிலோ தேறும். மீதி 20 கிலோ துண்டு விழுகிறது. அதை யார் சுமப்பது?

ஒரு பங்கைச் சுமப்பது உங்கள் கால்களேதான். மனித உடலின் அடர்த்தி நீருக்கு மிக அருகில் இருப்பதால், உடலின் எந்தப் பகுதி நீருக்குள் போகிறதோ அதன் எடையை நீர் ஏறத்தாழ முழுவதுமாகவே ஏற்றுக்கொள்கிறது. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் சேர்ந்து உடல் எடையில் சுமார் 12 சதவீதம், அதாவது 9 கிலோ. எனவே முழங்கால்வரை மூழ்கியதும் பற்றாக்குறை பாதியாகிவிடுகிறது.

மீதிப் பாதியை விங் சுமக்கலாம். 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) காற்றில் 5 சதுர மீட்டர் விங் தரக்கூடிய விசை 18 கிலோ எடைக்குச் சமம் என்று கொள்ளலாம். அதைத் தலைக்கு மேல் பிடித்து, அந்த விசையில் பாதிக்குமேல் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்தால் 10 கிலோ குறைந்துவிடும். காற்று 20 நாட் ஆனால் அதே விங்கின் விசை 32 கிலோவைத் தொடும், ஏனென்றால் விசை காற்று வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. சிறிய பலகைக்காரர்கள் நல்ல காற்றுக்குக் காத்திருப்பதன் காரணம் இதுதான். காற்று குறைந்த நாளில் அதே பலகை இடுப்பளவு நீருக்குக் கொண்டுபோய்விடும்.

இனி நகர வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் திண்டாடும் இடம் இது. அவர்கள் பெரும்பாலும் தவறான காரணத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள்: "பலகை மூழ்குகிறது, அதனால் கிளம்ப முடியவில்லை." உண்மையில் மூழ்குவது பெரிய தடையல்ல. நீர்ப்பரப்பில் நகரும் எந்தப் பொருளும் தனக்கு முன்னால் ஓர் அலையை எழுப்பிக்கொள்கிறது. வேகம் கூடக்கூட அந்த அலையும் நீள்கிறது. அலையின் நீளம் பலகையின் நீளத்தை எட்டும்போது பலகை தன் அலையின் பள்ளத்திலேயே மாட்டிக்கொண்டு மேடேற வேண்டியிருக்கிறது. ஒன்றரை மீட்டர் பலகைக்கு இந்த மேடு மணிக்கு 5.5 கிலோமீட்டரிலேயே வந்துவிடுகிறது. நடக்கும் வேகம்தான் அது.

அந்த நேரத்தில் ஃபாயில் என்ன செய்துகொண்டிருக்கிறது? 1200 சதுர சென்டிமீட்டர் ஃபாயில், மொத்த 88 கிலோவையும் தூக்க மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் வேண்டும். தூக்குவிசையும் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால், பாதி வேகத்தில், அதாவது 7.5 கிலோமீட்டரில், கால்பங்குதான் கிடைக்கும்: 22 கிலோ. முதலில் துண்டு விழுந்த தொகையை நினைத்துப் பாருங்கள். அது கிட்டத்தட்ட இதே அளவுதான். பறக்க 15 வேண்டும். பலகை வெளியே தலைகாட்ட 7.5 போதும். ஆக, 5.5 முதல் 7.5 வரையிலான அந்தச் சிறிய இடைவெளிதான் மொத்தப் போராட்டமும். அதைத் தாண்டிவிட்டால் பலகை நீர்ப்பரப்பில் சறுக்க ஆரம்பிக்கும். அங்கிருந்து 15க்குப் போவது எளிது.

அந்த இடைவெளியைத் தாண்டத்தான் விங்கைத் துடுப்புபோல அடித்து அடித்து இழுப்பது. ஒவ்வோர் இழுப்பும் விங்குக்குச் செயற்கையாகக் கொஞ்சம் கூடுதல் காற்றைத் தருகிறது. இன்னொரு வழி, பெரிய ஃபாயில். 1800 சதுர சென்டிமீட்டர் என்றால் 12 கிலோமீட்டரிலேயே மேலே வந்துவிடலாம். சிறிய பலகையில் கற்பவர் ஃபாயிலிலும் கஞ்சத்தனம் காட்டினால், இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளத்தின் கதைதான்.

சமநிலை விஷயத்தில் ஒரு வியப்பு இருக்கிறது. மிதக்கும் பலகை பக்கவாட்டில் கவிழாமல் நிமிர்ந்துகொள்ளும் திறன் அதன் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. 75 சென்டிமீட்டர் அகலத்தை 60 ஆகக் குறைத்தால் அந்தத் திறன் பாதியாகிவிடும். இதைப் படித்துப் பயந்துதான் நானும் முதல்முறை ஏறினேன். ஆனால் பலகை முழுவதும் மூழ்கிய பிறகு இந்த விதியே பொருந்துவதில்லை. நீர்ப்பரப்பை வெட்டும் அகலம் என்று ஒன்று அங்கே இல்லை. மேற்பரப்பின் சிற்றலைகள் பலகையை அதிகம் ஆட்டுவதில்லை. பலகையும் ஃபாயிலும் சாய வேண்டுமானால் தம்மைச் சுற்றியுள்ள நீரையெல்லாம் தள்ளிக்கொண்டுதான் சாய வேண்டும். கவிழ்வதுகூட நிதானமாகத்தான் நடக்கிறது. திருத்திக்கொள்ள ஒரு விநாடி கிடைக்கிறது. நன்றாக மிதக்கும் பெரிய பலகை, முழுதாய் மூழ்கும் சிறிய பலகை, இரண்டுக்கும் நடுவே அரைகுறையாக மிதக்கும் 85 லிட்டர் பலகை: என்னைக் கேட்டால், மூன்றிலும் மோசம் கடைசியதுதான். அது மிதப்பதும் இல்லை, மூழ்குவதும் இல்லை, சும்மா இருப்பதும் இல்லை.

இங்கே வீட்டில் செய்த பலகையின் பேச்சு வருகிறது. நின்று மூழ்கும்போது உங்கள் எடை, பலகையின் கன அளவு மையத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பறக்கும்போது அதே எடை ஃபாயிலின் தூக்குவிசை மையத்துக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டு மையங்களும் ஒன்றையொன்று விட்டு விலகினால் கிளம்பும் நேரத்தில் கால்களை நகர்த்த வேண்டியிருக்கும். சிறிய பலகையில் அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. என் முதல் பலகையில் மாஸ்ட்டைப் பொருத்தும் தடத்தை 6 சென்டிமீட்டர் பின்னால் வைத்துவிட்டேன். நிற்கும்போது எல்லாம் சரி. எழும்பியதும் மூக்கு கீழே குத்தும். பின்னால் நகர்ந்து நின்றாலோ, கிளம்பும்போது வால் மூழ்கி மூக்கு வானம் பார்க்கும். ஒரு மாதம் என் கால்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பலகையின் கன அளவு மையத்தைக் கண்டுபிடிக்க ஒரு குழாய்த் துண்டு போதும். தெர்மாகோல் கட்டியை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து வடிவம் கொடுத்த பிறகு, கண்ணாடி இழைத் துணி ஒட்டுவதற்கு முன், அதைக் குழாயின் மேல் குறுக்காக வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தராசு முள்போல எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். தெர்மாகோல் முழுவதும் ஒரே அடர்த்தி என்பதால் எடையின் மையமும் கன அளவின் மையமும் ஒன்றே. அதே கட்டியைச் சமையலறைத் தராசில் வைத்தால் லிட்டர் கணக்கும் கிடைத்துவிடும்: கன மீட்டருக்கு 25 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோல் 1,625 கிராம் காட்டினால், அது 65 லிட்டர். அளவுகோலால் போடும் கணக்கு தோராயமானது. 150 × 60 × 12 சென்டிமீட்டர் என்றால் பெட்டிக் கணக்கில் 108 லிட்டர். ஓரங்களையும் மூக்கையும் வழித்தெடுத்த பின் அதில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்குதான் மிஞ்சும்.

பிசின் எபோக்சியாகவே இருக்கட்டும். பாலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன், தெர்மாகோலைச் சர்க்கரைபோலக் கரைத்துவிடும். மாஸ்ட் தடத்தை வெறும் தெர்மாகோலில் புதைக்கக் கூடாது. மாஸ்ட் ஒரு நீண்ட கடப்பாரை. ஃபாயில் கீழே ஒரு பக்கம் தள்ளும்போது மேலே தடம் நெம்பப்படுகிறது. அடர்த்தி கூடிய ஃபோம் கட்டையைப் பலகையின் அடித்தோலிலிருந்து மேல்தோல் வரை நிறுத்தி, இரண்டு தோலோடும் சேர்த்து ஒட்டினால்தான் அந்த நெம்புவிசை பலகை முழுவதும் பரவும்.

இத்தனை பாடுபட்டுச் சிறிய பலகை எதற்கு என்றால், பதில் மேலே போன பிறகுதான் தெரியும். பலகையின் நுனிகளைத் தூக்கித் திருப்பத் தேவைப்படும் முயற்சி, எடையோடும் நீளத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 180 சென்டிமீட்டரில் 8 கிலோ பலகையோடு ஒப்பிட்டால், 145 சென்டிமீட்டரில் 5 கிலோ பலகைக்கு அது 40 சதவீதம்தான். காலின் சிறு அழுத்தத்துக்கே திரும்பிவிடும்.

இதையே முதல் பலகையாகச் செய்துகொள்ள நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உடல் எடையைவிட 30 லிட்டர் கூடுதலான பலகையில் பறக்கவும் திரும்பவும் பழகிய பிறகு இறங்கி வருவதே நல்லது. காற்று திடீரென்று நின்றுபோனால் இந்தப் பலகையில் நிற்க முடியாது. விங்கைப் பலகையின் மேல் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, கைகளால் துழாவிக்கொண்டே கரைக்கு வர வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் நான் இதை எடுத்துச் செல்வதே இல்லை.