‘போடி’ வசையா? ஊடகக் கண்காணிப்பு வழிகாட்டல் எழுதுவோருக்குக் கிழக்கிலிருந்து சில குறிப்புகள்

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பில் ‘போடி’ என்றால் பெரிய வயற்காரர். ‘குடி’ என்றால் தாய்வழியில் வரும் வம்சம். வேறெங்கோ தயாரித்த வசைச்சொல் பட்டியலை ஒரு மென்பொருளில் ஏற்றி, கிழக்கின் செய்திகளை அதற்குள் கொட்டினால், முதலாவது பெண்ணை இழிக்கும் சொல்லாகவும் இரண்டாவது மதுபானச் செய்தியாகவும் வந்து விழும். கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்ற கட்டுரை, சாராயத் தவறணைச் செய்தியோடு ஒரே பெட்டியில் கிடக்கும். சிரிக்கலாம். ஆனால் அதே கணக்கு ஒரு தேசிய ஒழுங்குபடுத்தும் சபையின் அறிக்கையில் அட்டவணையாகி, அதை வைத்து ஒரு நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சிரிப்பு நின்றுவிடும்.

ஊடகங்கள் யாரைப் பற்றி எவ்வளவு, எப்படிச் சொல்கின்றன என்று எண்ணிப் பதிவதுதான் ஊடகக் கண்காணிப்பு. அதற்கு வழிகாட்டல் என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை ‘சமநிலை’, ‘நியாயம்’, ‘பொறுப்பு’ என்று முதல் பத்துப் பக்கத்தை நிரப்பிவிடும். எதை எப்படி எண்ணுவது என்பதற்கு அரைப் பக்கம்தான் மிஞ்சும். அந்த அரைப் பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அதிகாரம். இலங்கையில் ஒலி, ஒளிபரப்புக்கென ஒரு அதிகாரசபையை அமைக்க 1997இல் வந்த சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்மானித்தது. அமைச்சரின் கைக்குள் அடங்கிய சபை சுயாதீனமாக நடக்காது என்பது அதன் சாரம். அனுமதிப்பத்திரங்களுக்கு 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டமும் 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினி (அரச தொலைக்காட்சி) கூட்டுத்தாபனச் சட்டமும் இருக்கின்றன. அலைவரிசை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம். அச்சுக்கு 1973ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம். தேர்தல் காலத்தில் மட்டும் அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரையின்படி தேர்தல் ஆணைக்குழு ஊடகங்களுக்கு வழிகாட்டல் விடுக்கலாம். ஆகவே, வழிகாட்டலின் முதற் பக்கத்திலேயே எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இந்த வேலை நடக்கிறது என்று எழுதுங்கள். பிரிவு இல்லையென்றால் அது ஆய்வு மட்டுமே என்றும் எழுதிவிடுங்கள். ஒலிபரப்பான பிறகுதான் கண்காணிப்பு, அதற்கு முன்பு எந்தப் பிரதியையும் கேட்பதில்லை என்ற வரியும் அங்கேயே இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் தணிக்கைக்குக் கதவு திறந்தே கிடக்கும்.

எதைக் கண்காணிப்பது? அம்பாறை மாவட்டத்துக்கான திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில் அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என நான்கு தொகுதிகள். தமிழ் பேசும் கரையோரம் கேட்பதும் சிங்களம் பேசும் அம்பாறை நகரம் கேட்பதும் ஒரே செய்தி அல்ல. தமிழ் அலைவரிசைகளை மட்டும் அளந்துவிட்டு ‘அம்பாறை மாவட்ட ஊடகம்’ என்று தலைப்பிட்டால் பாதி மாவட்டம் விடுபட்டுப்போகும். அரச வானொலி, அரச தொலைக்காட்சி, தனியார் தமிழ் அலைவரிசைகளோடு குறைந்தது இரண்டு சிங்கள அலைவரிசைகள், நாளிதழ்கள், செய்தி நிறுவனங்களின் பேஸ்புக் பக்கங்கள் என்பது ஒரு நியாயமான தொடக்கம். வாட்ஸ்அப் குழுக்களுக்குள் மாற்றுப் பெயரில் நுழைந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது கண்காணிப்பு அல்ல, ஒற்றுவேலை. வழிகாட்டலில் அதைப் பெயர் சொல்லித் தடுக்கவேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தேர்தல் கண்காணிப்புக் குழுக்கள் தொலைக்காட்சியை வழமையாக மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை அளக்கின்றன. வானொலிக்கு அது பொருந்தாது. காலை 6 முதல் 9 வரையையும் சேர்க்கவேண்டும். தேர்தல் காலத்தில் ஒரு நாளையும் விடக்கூடாது. மற்றக் காலங்களில் முழு ஆண்டையும் அளக்க ஆளும் காசும் போதாது என்பதால் ‘கூட்டு வாரம்’ எடுக்கலாம்: முதல் வாரத்தின் திங்கள், இரண்டாம் வாரத்தின் செவ்வாய், மூன்றாம் வாரத்தின் புதன் என்று ஏழு வாரங்களிலிருந்து ஒவ்வொரு நாள். நாளிதழுக்கு ஓராண்டைக் காட்ட இப்படி இரண்டு கூட்டு வாரங்கள் போதும் என்பது ஆய்வாளர்கள் சோதித்துக் கண்ட கணக்கு. ஆனால் வெள்ளமும் கலவரமும் கூட்டு வாரம் பார்த்து வருவதில்லை. மாரி மழைக் காலத்துக்கும் அசம்பாவித நாட்களுக்கும் தனியாக ஒரு பிரிவு வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவில்தான் அதிகமான வேலைகள் கெட்டுப்போகின்றன. வானொலியை 64 கிலோபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 28.8 மெகாபைட், நாளுக்கு 691 மெகாபைட். தொலைக்காட்சியை ஒரு மெகாபிட்டில் பதிந்தால் மணிக்கு 450 மெகாபைட், நாளுக்கு 10.8 கிகாபைட். பிரித்தானியாவில் வானொலி நிலையங்கள் 42 நாள் பதிவு வைத்திருக்கவேண்டும். அந்த அளவையே நாமும் எடுத்தால் ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்கு ஏறக்குறைய 454 கிகாபைட், ஆறுக்கு 2.7 டெராபைட். 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டையும் வெவ்வேறு கட்டடத்தில் வையுங்கள். கரண்ட் போனால் பதிவு நின்றுவிடும் என்பதால் யூபிஎஸ் கட்டாயம். கரண்ட் வந்ததும் மென்பொருள் தானாகத் தொடங்குகிறதா என்று வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். இணையவழி ஒலியைப் பதிவது சுலபம். ஆனால் அதில் சில வினாடி தாமதம் இருக்கும், விளம்பரங்களும் மாறியிருக்கலாம். பிரசார விளம்பரத்தை எண்ணுகிறீர்கள் என்றால் அன்டெனா வழியாக வருவதைத்தான் பதியவேண்டும், அதையும் அந்த மாவட்டத்துக்குள் இருந்தே. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஆண்டு, மாதம், நாள், அலைவரிசை, தொடங்கிய நேரம் இருக்கட்டும்.

இனிக் குறியீட்டுக் கையேடு, அதாவது எதை எப்படிக் குறிப்பது என்ற விதிகள். எண்ணும் அலகு ஒரு செய்தி. ஒவ்வொரு செய்திக்கும் எக்செல் தாளில் ஒரு வரி: நேரம், வினாடியில் நீளம், செய்தி வரிசையில் எத்தனையாவது, தலைப்பு, சம்பந்தப்பட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் தனித்தனியாக வேண்டும்: அவரைப் பற்றிப் பேசிய வினாடிகள், அவரே தன் குரலில் பேசிய வினாடிகள். 120 வினாடிச் செய்தியில் ஒருவரைப் பற்றி 90 வினாடி பேசிவிட்டு அவருக்கு 5 வினாடி கொடுப்பதும், 60 வினாடி கொடுப்பதும் ஒன்றல்ல. பத்திரிகைக்குச் சதுர சென்ரிமீற்றர், படத்தோடு சேர்த்து.

பதவியையும் வேட்பாளரையும் பிரிக்கத் தாளில் தனித்தனி நிரல்கள் (மேலிருந்து கீழாக வரும் வரிசைகள்) தேவை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், மறுநாள் வேட்பாளராக மேடையில் நிற்பவர். கூட்டச் செய்தியில் கிடைத்த நேரத்தைப் பிரசார நேரத்தோடு கூட்டினால் அவருக்கு அநியாயம். கூட்டாமல் மறைத்தால் மற்ற வேட்பாளர்களுக்கு அநியாயம். இரண்டு நிரலாகக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது தொனி. நேர், நடுநிலை, எதிர் என்று மூன்று. புதிய கண்காணிப்பாளர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: கெட்ட செய்தியை எதிர்த்தொனி என்று பதிவது. ‘வாகரையில் பாலம் உடைந்தது, அமைச்சர் பார்வையிட்டார்’ என்பது அமைச்சருக்கு நடுநிலை. ‘பாலம் உடைந்து மூன்று நாளாகியும் எட்டிப்பார்க்காத அமைச்சர்’ என்பதுதான் எதிர். செய்தி நல்லதா கெட்டதா என்பதைக் கேட்காமல், அந்த ஆள் எப்படிக் காட்டப்படுகிறார் என்பதைக் கேட்கவேண்டும். அந்த எதிர்ச்சொல் நிலையத்தின் வாயிலிருந்து வந்ததா, பேட்டி கொடுத்த மீனவரின் வாயிலிருந்து வந்ததா என்பதற்கும் ஒரு நிரல் போடுங்கள். மீனவர் ஏசியதற்கு நிலையத்தைத் தண்டிக்க முடியாது.

இருவர் ஒரே 100 செய்தியைத் தனித்தனியாகக் குறியிட்டு ஒப்பிடாமல் எந்த அறிக்கையும் வெளியே போகக்கூடாது. ‘80 செய்தியில் உடன்பட்டார்கள், 80 சதவீதம்’ என்று சந்தோஷப்படாதீர்கள். இருவரும் தலைக்கு 80 செய்தியை நடுநிலை என்றும் 20 செய்தியை அப்படியல்ல என்றும் குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 68 சதவீத உடன்பாடு வந்துவிடும். அதைக் கழித்துப் பார்க்கும் கப்பா அளவில் இது 0.375தான். விரித்துப் பார்த்தால் விளங்கும்: முதலாமவர் ‘நடுநிலை அல்ல’ என்ற 20 செய்தியில் இரண்டாமவர் ஒத்துக்கொண்டது பத்தே பத்து. சர்ச்சை வரப்போவது அந்தச் செய்திகளில்தான். 0.8க்கு மேல் வந்தால் நல்லது. 0.67க்குக் கீழ் என்றால் அந்த நிரலை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, கையேட்டின் வரைவிலக்கணத்தைத் திருத்தி, மறுபடி சோதிக்கவேண்டும். பெரும்பாலும் பிழை ஆளில் இருக்காது, வரைவிலக்கணத்தில் இருக்கும்.

ஜோடி சேர்ப்பதிலும் யோசனை வேண்டும். மட்டக்களப்பில் யாரும் யாருக்கோ மச்சான். உறவு, கட்சி, பழைய வேலையிடம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஒருவர், பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதியில் ஒருவர் என்று வெவ்வேறு பின்னணியில் ஜோடி சேர்த்தால் கப்பா முதலில் இறங்கும், ஆனால் கையேடு திருந்தும். ஒரு மணி நேரச் செய்தியைக் குறியிட மூன்று, நான்கு மணி நேரம் போகும். நாளுக்கு அதற்கு மேல் ஒருவரிடம் கொடுத்தால் பிந்திய செய்தி எல்லாம் ‘நடுநிலை’ ஆகிவிடும்.

சொற்களுக்கு வருவோம். ‘கல்முனை வடக்கு பிரதேச செயலகம்’ என்பதும் ‘கல்முனை உப பிரதேச செயலகம்’ என்பதும் ஒரே கட்டடம், ஆனால் ஒவ்வொரு பெயரும் ஒரு தரப்பின் நிலைப்பாடு. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைச் செய்தியில் ஒரே ஆட்கள் ஓரிடத்தில் ‘விவசாயிகள்’, மற்றோரிடத்தில் ‘அத்துமீறிக் குடியேறியோர்’. கண்காணிப்பாளர் எது சரி என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. எந்தச் சொல் வந்தது, எத்தனை முறை, சிங்களச் செய்தியில் அதே நாள் என்ன சொல் என்று பதிந்தால் போதும். ‘மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைப்பார்கள்’ (போனவரை மந்திரத்தால் திரும்பவிடாமல் கட்டிவைப்பார்கள் என்ற பழைய கேலி) என்று ஒரு வானொலி அறிவிப்பாளர் பகிடி விட்டால் அது வெறுப்புப் பேச்சா? ஐக்கிய நாடுகளின் ரபாத் செயற்திட்டம் (2012) ஆறு கேள்வி கேட்கிறது: சூழல், பேசியவர், நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவிய அளவு, தீங்கு நிகழும் வாய்ப்பு. பாய்ப் பகிடி இந்த ஆறில் எதையும் தாண்டாது. ரசனைக்குறைவு என்று வேறு நிரலில் போடலாம், அல்லது விட்டுவிடலாம். விட்டுவிடுவதே எமக்குச் சரியாகப் படுகிறது.

அம்பாறை நகரக் கொத்துரொட்டிக் கதை அந்த ஆறையும் தாண்டியது. 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாக எழுந்த கதையோடு பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் கண்டறிந்தார். உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்ற ஒன்றே மருத்துவத்தில் இல்லை. இத்தகைய நாளுக்கு வழிகாட்டலில் தனி நிரல்கள் இருக்கவேண்டும்: குற்றச்சாட்டு யார் வாயால் வந்தது, மறுப்பு எத்தனையாவது வினாடியில் வந்தது, மருத்துவரிடமோ ஆய்வுகூடத்திடமோ கேட்டார்களா. ‘மாத்திரை கலக்கப்பட்டதா?’ என்று கேள்விக்குறி போட்ட தலைப்பையும் குற்றச்சாட்டைப் பரப்பியதாகவே எண்ணவேண்டும். கேள்விக்குறி யாரையும் காப்பாற்றுவதில்லை. உண்மை தெரிந்த பிறகு திருத்தம் அதே நேரப் பகுதியில், அதே நீளத்தில் வந்ததா, இரவு 11 மணிக்குப் பின் எட்டு வினாடியில் முடிந்ததா என்பதையும் பதியவேண்டும்.

எண்ணுகிறவர்களும் தண்டனை கொடுக்கிறவர்களும் ஒரே மேசையில் இருக்கக்கூடாது. அறிக்கை வெளியாகும் முன் நிலையத்துக்கு அவர்களுடைய வரிகளை, கோப்பின் பெயரும் வினாடியும் குறித்து அனுப்புங்கள். பதிலுக்கு ஏழு நாள் கொடுங்கள். மறுத்த வரியை முன்பு தொடாத மூன்றாவது கண்காணிப்பாளர் புதிதாகக் கேட்டுக் குறியிடட்டும். குறியீடு மாறினால் பழையதை அழிக்காமல், இரண்டையும் பக்கத்தில் பக்கமாக எக்செல் தாளிலேயே வைத்து வெளியிடுங்கள்.