ரூஃபை அறுக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு

முகூர்த்த மாதம் நெருங்கினாலே இந்தக் கேள்வியோடு ஒருத்தராவது பட்டறைக்கு வந்துவிடுவார். "ஏனுங்ணா, ரூஃபை மட்டும் எடுத்துட்டு இதை ஓப்பன் கார் ஆக்கிக் குடுப்பீங்களா?" மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு வகை. செகண்ட் ஹேண்டில் ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூப்பே (கூரை மூடிய வண்டி) வாங்கிவிட்டு, அதே மாடலில் கம்பெனி விட்ட ஓப்பன் வண்டியை மொபைலில் காட்டி, "இதே மாதிரி வேணுமுங்க" என்று நிற்கும் திருப்பூர்த் தம்பிகள் இன்னொரு வகை. கோவையில் டிங்கரிங், பெயின்டிங், அடிபட்ட வண்டியின் பாடியை நிமிர்த்துவது, இதுதான் என் தொழில். ரூஃப் அறுக்கும் வேலையை மட்டும் எடுப்பதில்லை. ஏன் என்று வருகிறவரிடமெல்லாம் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

எல்லாரும் முதலில் இழுப்பது கரூரைத்தான். "கரூர்ல வெறும் சேஸிஸை வெச்சு முழு பஸ்ஸையே கட்டி அனுப்பறாங்க. திருச்செங்கோட்ல லாரி பாடி, போர்வெல் ரிக் வண்டி எல்லாம் பண்றாங்க. ஒரு கார் ரூஃபை எடுக்கறதுல என்னங்க இருக்குது?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பஸ்ஸுக்கும் லாரிக்கும் அடியில் நீளவாக்கில் ரெண்டு கனத்த இரும்புச் சட்டம், அதற்கு நடுவில் குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன. என்ஜின், ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டை எல்லாம் அதில்தான் தொங்குகிறது. பாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாலும் வண்டி ஓடும். கரூர்க்காரர்கள் அந்தச் சட்டத்தில் கை வைப்பதில்லை, அதன் மேல்தான் கட்டுகிறார்கள்.

இன்றைக்கு ஓடும் பெரும்பாலான கார்களில் அந்தச் சட்டமே கிடையாது. மோனோகாக் என்பார்கள். மெல்லிய தகடுகளை மடித்து, ஆயிரக்கணக்கில் ஸ்பாட் வெல்டு அடித்து, தரை, ரன்னிங் போர்டு (கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பகுதி), பில்லர் (ரூஃபைத் தாங்கும் தூண்), ரூஃப் எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. அந்தக் கூடுதான் சேஸிஸ். ரூஃப் அதன் மேல்பாதி. முன் கண்ணாடியை அந்தக் காலம் போல ரப்பரில் செருகாமல் பசை போட்டு ஒட்டுவதற்கும் இது ஒரு காரணம், பாடியின் விறைப்பில் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது வண்டியை முறுக்கப் பார்க்கும் விசையை மேலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்வது ரூஃபும் பில்லர்களும்தான். அதை அறுத்துவிட்டால் அத்தனை முறுக்கும் தரைத் தகட்டுக்கும் ரன்னிங் போர்டுக்கும் வந்து சேரும். அவை அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு கல்யாண வாடகை வண்டி வந்தது, வேறு எங்கேயோ ரூஃபை அறுத்தது. "கதவு சரியாச் சாத்த மாட்டேங்குதுங்க, லாக்கை மாத்திக் குடுங்க" என்பதுதான் புகார். லாக்கில் ஒரு குறையும் இல்லை. ஓனரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முன்பக்கம் ஜாக்கி பாயிண்டில் ஜாக்கி வைத்து ஏற்றினேன். சக்கரம் தரையை விடுவதற்குள் கதவின் மேல் இடைவெளி விரிந்து சுண்டுவிரல் உள்ளே போனது. கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கவில்லை, நாக்கு இறுகிப் போயிருந்தது. ஜாக்கியை இறக்கியதும் 'டக்'கென்று தானாக விட்டது. முன் பில்லர் டேஷ்போர்டோடு சேரும் மூலையில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பியதும் பட்டி பெயர்ந்து விழுந்தது. அடியில் ஸ்பாட் வெல்டு ரெண்டு விட்டுப்போய்த் தகடு கிழிந்து நின்றது. "சட்டம் அடிச்சிருக்குதுங்களே" என்றார் ஓனர். குனிந்து பார்த்தேன். ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப் ஒன்றைத் தரையில் நாலு இடத்தில் பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்திருந்தார்கள். அந்த வண்டியில் லாக் மாற்றி என்ன பிரயோசனம்?

கம்பெனி ஓப்பன் கார் செய்யும்போது ரூஃபைக் கழிப்பதோடு விடுவதில்லை. ரன்னிங் போர்டுக்குள் இன்னொரு தகட்டுக் கூடு நுழைக்கிறார்கள். முன் கண்ணாடிச் சட்டத்துக்குள் உறுதியான குழாய் ஓடும். தரைக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டம், சீட்டுக்குப் பின்னால் கனத்த தடுப்பு. அதனால்தான் கூரையே இல்லாத வண்டி கூரை உள்ளதைவிடப் பெரும்பாலும் எடை கூடுதலாக இருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, கேட்லாக்கைக் காட்டித்தான் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருக்கிறது. தலைக்குப் பாதுகாப்பு தனி ஏற்பாடு. 1989-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல் வண்டியில், கவிழப் போகிறது என்று சென்சார் உணர்ந்தால் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ரோல் பார் 0.3 வினாடியில் எழுந்து நிற்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், நாமே அறுத்த வண்டியில் எழுந்து நிற்க என்ன இருக்கிறது? செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓடும் ஃபார்முலா வண்டிக்கு மட்டும் ரூஃப் இருக்கிறதா என்று ஒரு தம்பி மடக்கினார். அது குழாய்ச் சட்டத்தில் கட்டிய வண்டி, ஓட்டுகிறவர் தலைக்குப் பின்னால் வளையம் இருக்கும், தலையில் ஹெல்மெட்டும் இருக்கும்.

அறுக்கிற வேலையிலேயே ஒரு ஆபத்து இருப்பது பல பட்டறைகளுக்குத் தெரியாது. கர்ட்டன் ஏர்பேக் (மோதலில் ஜன்னலை மறைத்து விரியும் காற்றுப் பை) உள்ள வண்டியில் அந்தப் பை ரூஃப் ஓரத்தில், லைனர் என்கிற உள் உறைக்குப் பின்னால் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை ஊதச் செய்யும் சிலிண்டரும் அங்கேயேதான் பில்லர் பக்கமாகப் படுத்திருக்கும். பல வண்டிகளில் அதற்குள் அழுத்தமேற்றிய வாயு. லைனரைக் கழற்றாமல் கிரைண்டரைக் கொண்டு போகிற பையனுடைய முகம் அதற்கு ஒரு அடி தூரத்தில் இருக்கும். தீயணைப்புத் துறையினர்கூட அடிபட்ட வண்டியை வெட்டும் முன் உள் டிரிம்மை உரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் பயிற்சி.

இரும்பும் பழைய இரும்பு கிடையாது. பல புது வண்டிகளில் நடுப் பில்லரின் உள் தகடு போரான் சேர்த்துச் சூட்டில் அழுத்திய எஃகு, 1500 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுவிசை தாங்கும். கேஸ் நெருப்பைக் காட்டினால் அந்த உறுதி போய்விடும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ரெண்டாவது தலைமுறை ஆடி டிடி மாதிரி வண்டிகளில் பாடியின் பெரும்பகுதி அலுமினியம். இரும்புத் தகட்டுக்குப் பழகிய கையும் மெஷினும் அதற்கு ஆகாது.

சரி, முறையாகச் செய்தால்? செய்யலாம். அறுப்பதற்கு முன்பே கதவு வாசல்களில் குறுக்குக் குழாய் வெல்டு வைத்து, பாடியை மட்டம் பார்த்து நிறுத்தி, மூலைக்கு மூலை அளந்து எழுதி வைத்து, ரன்னிங் போர்டை இரட்டித்து, தரைச் சட்டம் போட்டு, அதன் பிறகுதான் கட்டிங் வீலை எடுக்க வேண்டும். அப்புறம் துணிக்கூரை, அதை மடக்கும் கம்பிகள், கண்ணாடி வந்து உட்காரும் ரப்பர், மழைத்தண்ணீர் இறங்க டிரெயின். ஐப்பசி மழையில் ஒரு நாள் நின்றால் கார்ப்பெட் ஊறி, சீட்டுக்கு அடியிலுள்ள ஒயரிங் பச்சை பூத்துவிடும். கொட்டேஷன் போட்டால் அந்தப் பணத்துக்கு கம்பெனி ஓப்பன் காரே செகண்ட் ஹேண்டில் வந்துவிடும்.

கை தேர்ந்தவர்கள் செய்த வேலைக்கே மதிப்பு எப்படிப் போகிறது என்பதற்கு ஃபெராரி டேடோனா ஒன்று போதும். 1968-இல் கூப்பேயாக வந்தது. கம்பெனி செய்த ஓப்பன் ரகம் சுமார் 120 மட்டும்தான். விலை ஏறியதும் வெளிநாட்டில் பலர் கூப்பேயை அறுத்து ஓப்பன் ஆக்கினார்கள். இன்றைக்கு அறுத்த வண்டி ஒரிஜினல் ஓப்பன் வண்டியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அரசாங்கத்துச் சட்டம் இதைவிட நேரடியாகப் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்சியில் உள்ளதற்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. பாடி டைப் ஆர்சியிலேயே அச்சாகியிருக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொந்த வண்டிச் சேதத்துக்கு கிளைம் போட்டால் இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டியைப் பார்த்த அந்த நிமிடமே தெரிந்துவிடும். 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸ் போகும்போதும் இதே கதைதான்.

ஓப்பன் வண்டி ஆசை தப்பென்று நான் சொல்லமாட்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதச் சாயங்காலத்தில் பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்தவனுக்கு அந்த சுகம் தெரியும். பிறப்பிலேயே திறந்த வண்டியாக இருப்பதைத் தேடுங்கள். சாஃப்ட் டாப் (துணிக்கூரை) மஹிந்திரா தார், பழைய மாருதி ஜிப்ஸி இரண்டுக்கும் அடியில் தனிச் சட்டம் இருக்கிறது. 2020-இல் வந்த தாரில் துணியைச் சுருட்டிய பிறகும் மேலே ரோல் கேஜ் (தலையைக் காக்கும் குழாய்க் கூண்டு) நிற்கும். பழைய வண்டிப் பிரியர்களுக்கு என் சிபாரிசு, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதற்குத் தனிச் சேஸிஸ், கூரையை போல்ட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். இங்கிலாந்தில் அதன் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டைக் கம்பெனியே ஓப்பனாகவும் விற்றது. அதற்கும் ஆர்சியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டே ஸ்பானரை எடுங்கள்.

யாரோ ஏற்கெனவே அறுத்து வைத்ததை வாங்கப் போகிறீர்களென்றால், பகலில் போய்ப் பாருங்கள், கூடவே ஒரு ஜாக்கி எடுத்துப் போங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொன்றாக ஏற்றி, கதவைத் திறந்து சாத்திப் பாருங்கள். முன் பில்லரின் அடிமூலை, ரன்னிங் போர்டின் நடுப்பகுதி, பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள மடிப்பு, இந்த மூன்று இடத்திலும் காந்தத்தை வையுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாகப் போட்டிருக்கிறது என்று அர்த்தம், அலுமினிய பாடி என்றால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. தரை விரிப்பைத் தூக்கி, சீட் பெல்ட்டின் மேல் கொக்கி எதில் முடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். நடுப் பில்லரோடு சேர்த்து அதையும் அறுத்துவிட்டு, தரைத் தகட்டில் துளை போட்டு மாட்டியிருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.