மைக்ரேஷன்: பெயர்வா, பெயர்ப்பா?

ஒரு நிறுவனத்தின் தரவுத்தளங்களைப் பழைய டிஸ்க் அடுக்கிலிருந்து புதிய ஸ்டோரேஜ் நெட்வொர்க்குக்குக் கொண்டுபோகும் வேலையை அத்துறையினர் ‘டேட்டாபேஸ் மைக்ரேஷன்’ என்பார்கள். பேச்சில் வெறும் ‘மைக்ரேஷன்’. இதைத் தமிழில் எழுத வேண்டி வரும்போது இடம்பெயர்வு, புலப்பெயர்வு, நகர்வு, மாற்றம் என்று ஆளுக்கொரு சொல்லைப் போடுகிறோம். இவை ஒன்றுக்கொன்று ஈடான சொற்கள் அல்ல. எது பொருந்தும் என்பதைத் தீர்மானிக்க, ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்பதோடு, அந்த வேலையின்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

லத்தீனில் ‘மிக்ராரே’ என்னும் வினைக்கு ஓரிடத்தை விட்டு வேறிடத்தில் குடியேறுதல் என்று பொருள். அதன் பெயர்ச்சொல்லான ‘மிக்ராத்தியோ’விலிருந்து ஆங்கிலத்தின் ‘மைக்ரேஷன்’ பிறந்தது. மனிதர்கள் கூட்டமாக ஊர் விட்டுப் போவதையும், பருவத்துக்குப் பருவம் பறவைகளும் விலங்குகளும் இடம் மாறுவதையும் அது குறித்தது. இந்தப் பொருள்கள் எல்லாவற்றிலும் போகிறவர் தாமே போகிறார்; அவரை எவரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. கணினித் துறைக்குள் வந்தபோதுதான் சொல்லின் இலக்கணம் மாறியது. ஐபிஎம் பெருங்கணினிகளில் அதிகம் பயன்படாத கோப்புகளை விலையுயர்ந்த டிஸ்க்கிலிருந்து மலிவான சேமிப்புக்கு இறக்கி வைக்கும் ஹெச்எஸ்எம் என்னும் மென்பொருள் 1970களின் இறுதியில் வந்தது. அப்படி இறக்கி வைப்பதற்கு ‘மைக்ரேட்’, தேவைப்படும்போது மீட்டுக்கொள்வதற்கு ‘ரீகால்’ என்று அதன் கட்டளைகள் பேசின. அங்கே கோப்பு தானாகப் போகவில்லை, மென்பொருள் அதை அனுப்பியது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்துக்கொண்டது.

தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. சேர்ந்தான், சேர்த்தான் என்பதுபோலப் பெயர்ந்தான், பெயர்த்தான் என்று ஒற்றெழுத்தொன்றின் மாற்றத்தால் செய்பவர் யார் என்பது தெளிவாகிவிடும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த ‘புலம்பெயர் மாக்கள்’ தம் நிலத்தை விட்டுத் தாமே வந்தவர்கள். எனவே அவர்கள் பெயர்ந்தவர்கள். இன்று புலப்பெயர்வு என்னும் சொல்லின் மேல் போரும் அகதி வாழ்வும் தந்த துயரமும் சேர்ந்திருக்கிறது. அதைத் தரவுத்தளத்துக்குச் சூட்டுவது பொருளளவில் பொருந்தாது, மனத்தளவிலும் எனக்கு உவப்பாக இல்லை. வலசை என்னும் சொல்லும் பகைப்படைக்கு அஞ்சி ஊரை விட்டு வெளியேறுவதைக் குறித்து வழங்கி, இப்போது பறவைகளுக்கே பெரும்பாலும் உரியதாகிவிட்டது. இடப்பெயர்ச்சியை இயற்பியல் எடுத்துக்கொண்டுவிட்டது. நகர்வு, நகர்த்தல் என்பவற்றில் ஒரு பொருள் இருந்த இடம் காலியாகும் என்னும் எண்ணம் இருக்கிறது. மேசையை நகர்த்தினால் அது முன்பிருந்த இடத்தில் மேசை இராது.

தரவு அப்படி நகர்வதே இல்லை. டிஸ்க்கிலிருந்து படிக்கப்படுவது பழைய இடத்தில் அப்படியே இருக்க, அதன் நகல் புதிய இடத்தில் எழுதப்படுகிறது. நகலெடுக்கும் நேரத்தில் பயனர்கள் செய்யும் மாற்றங்களும் தொடர்ந்து அனுப்பப்படுகின்றன. இரண்டும் ஒத்திருக்கின்றன என்று சரிபார்த்த பிறகு, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பயன்பாடு புதிய பிரதிக்குத் திருப்பப்படுகிறது. பழைய பிரதியை நீக்குவது அதற்கும் பின்னால், சில நாள்களோ வாரங்களோ கழித்துச் செய்யப்படும் தனி வேலை. இந்த வரிசையை அப்படியே தாங்கும் சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் மூலநூல் அழிவதில்லை, அதை அருகில் வைத்துக்கொண்டே புதிய நூல் உருவாகிறது, வரிக்கு வரி ஒப்புநோக்கித்தான் பிழை திருத்தப்படுகிறது, அந்த வேலையைச் செய்பவர் ஒருவர் இருக்கிறார். ஆகவே டேட்டா மைக்ரேஷனைத் ‘தரவுப் பெயர்ப்பு’ என்றும், டேட்டாபேஸ் மைக்ரேஷனைத் ‘தரவுத்தளப் பெயர்ப்பு’ என்றும் எழுதுவதே சரி என்பது என் முடிவு. இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடங்களில் ‘இடம்பெயர்ப்பு’ எனலாம். ‘இடம்பெயர்வு’ என்று எழுத வேண்டாம்.

தரவு என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டேட்டா என்பது லத்தீனில் ‘கொடுக்கப்பட்டவை’ என்று பொருள்படும் பன்மைச்சொல். தமிழ்த் தரவும் தரு என்னும் வினையடியிலிருந்தே வருகிறது. கலிப்பாவின் தொடக்க உறுப்புக்கும் அதுவே பெயர். கலைச்சொல்லாக்கத்தில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய சொற்கள் குறைவு.

ஸ்டோரேஜ் நெட்வொர்க் என்பதன் முழுப்பெயர் ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாகச் சேன். முன்பு ஒவ்வொரு சர்வரும் தன் டிஸ்க்குகளைத் தன்னோடே வைத்திருந்தது. ஒன்றில் இடம் வீணாகக் கிடந்தாலும், இடமில்லாமல் திணறும் அடுத்த சர்வருக்கு அதைக் கொடுக்க வழியில்லை. டிஸ்க்குகளைப் பிரித்துப் பொதுவான ஓரிடத்தில் வைத்து, சர்வர்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஸ்விட்ச்சுகளால் ஆன தனி வலையமைப்பைப் போட்டதுதான் சேன். அதற்கான ஃபைபர் சேனல் என்னும் இணைப்பு முறை 1994இல் அமெரிக்கத் தர அமைப்பான ஆன்ஸியின் தரநிலையானது. சாதாரண ஈதர்நெட் மீதே அதே வேலையைச் செய்ய ஐஸ்கஸி என்னும் முறை 2004இல் தரப்படுத்தப்பட்டது. பெயரில் உள்ள ‘ஏரியா’, லேன் (லோக்கல் ஏரியா நெட்வொர்க்), வேன் (வைட் ஏரியா நெட்வொர்க்) என்னும் முந்திய பெயர்களைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. லேனில் அதற்கு ஒரு கட்டடம், ஒரு வளாகம் என்று பரப்பளவுப் பொருள் உண்டு. சேனில் அந்தப் பொருளுக்கு வேலையில்லை. ஆகவே ‘சேமிப்பகப் பரப்பு வலையமைப்பு’ என்று அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிடச் ‘சேமிப்பக வலையமைப்பு’ என்பதே போதும். சேன் என்னும் சுருக்கத்தையும் தமிழ் எழுத்தில் தயங்காமல் எழுதலாம்.

பெயர்ப்பின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் பார்க்கலாம். 8 ஜிகாபிட் ஃபைபர் சேனல் இணைப்பு ஒன்று ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 800 மெகாபைட் கடத்தும். 10 டெராபைட் தரவுத்தளம் ஒன்றை அந்த முழு வேகத்தில் அனுப்பினால் 12,500 வினாடி, அதாவது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் பழைய டிஸ்க் அடுக்கு அதே நேரத்தில் அன்றாடப் பயனர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால் நகலெடுப்புக்கு வினாடிக்கு 200 மெகாபைட்தான் ஒதுக்க முடிகிறது என்றால், அது 14 மணி நேரத்தை நெருங்கிவிடும். ஓர் இரவுக்குள் முடியும் என்று நினைத்த வேலை விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

எல்லாப் பெயர்ப்பும் முழுப் பிரதி எடுத்து மாறிக்கொள்வதாக இருப்பதில்லை. ஓரக்கிள் தரவுத்தளத்தின் ஏஎஸ்எம் என்னும் டிஸ்க் மேலாண்மை வசதியில், புதிய சேனிலிருந்து வரும் டிஸ்க்குகளைச் சேர்க்கவும் பழையவற்றை விலக்கவும் ஒரே கட்டளையில் சொல்லலாம். தனித்தனியாகச் சொன்னால் தரவு இருமுறை அலைக்கழிக்கப்படும். சேர்த்துச் சொன்னால் ஒரே மறுபகிர்வில் முடியும். தரவுத்தளம் திறந்தே இருக்கும், பயனர்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள், உள்ளே 1 மெகாபைட் முதல் 64 மெகாபைட் வரை முன்பே தீர்மானித்த அளவுள்ள துண்டுகளாகத் தரவு பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்குப் போய்க்கொண்டிருக்கும். இங்கே கவனமாக இருக்க வேண்டிய கணம் ஒன்று உண்டு. கட்டளையைக் கொடுத்ததும் திரை உடனே அடுத்த கட்டளைக்குத் தயாராகிவிடும். அதை வேலை முடிந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு பழைய டிஸ்க்கைக் கழற்றினால், இன்னும் பெயராத துண்டுகள் அதோடு போய்விடும். டிஸ்க்கின் நிலை ‘ட்ராப்பிங்’ என்பதிலிருந்து விலகி, அதன் தலைப்புக் குறிப்பில் ‘ஃபார்மர்’, அதாவது முன்னாள் உறுப்பு, என்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த முறையில் மூலம் முழுமையாக நிற்பதில்லை என்பதால், மனம் மாறித் திரும்பிப் போவதும் இன்னொரு பெயர்ப்பாகவே அமையும்.

பெயர் என்னும் ஒலி தமிழில் நாமத்தையும் குறிக்கிறது. தரவு இடம் பெயர்ந்தாலும் அதன் பெயர் மாறாமலிருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் உயிரான விதி. சேமிப்பகம் சர்வருக்குப் பிரித்துக் கொடுக்கும் தருக்க டிஸ்க்கை லன் என்பார்கள். சர்வரைச் சேனோடு இணைக்கும் அட்டைகள் இரண்டும், சேமிப்பகத்தில் டிஸ்க்குகளை ஆளும் கன்ட்ரோலர்கள் இரண்டும் இருந்து, ஒவ்வோர் அட்டையிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் வழி இருந்தால், ஒரே லன் நான்கு வழிகளில் வந்து நான்கு டிஸ்க்குகளாகத் தோன்றும். மல்டிபாத்திங் என்னும் மென்பொருள் அடுக்கு அவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே பெயரில் காட்டுகிறது. அதைப் ‘பல்வழி இணைப்பு’ எனலாம். லினக்ஸில் எஸ்டிபி, எஸ்டிசி என்று வரும் சாதனப் பெயர்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரிசைப்படி அமைபவை. புதிய சேன் வந்ததும், மறுதொடக்கம் ஆனதும் அவை இடம் மாறிவிடலாம். அவற்றை நம்பி அமைப்புக் கோப்பை எழுதியிருந்தால், பெயர்ப்புக்குப் பிறகு தரவுத்தளம் தன் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் தேடும். ஆகவே டிஸ்க்கோடு பிரியாமல் வரும் உலகளாவிய அடையாள எண்ணைக் கொண்டு நிலையான பெயரைச் சூட்டி, பயன்பாடு அந்தப் பெயரை மட்டுமே அறியும்படி செய்கிறார்கள்.

மைக்ரேஷன் என்றே அழைக்கப்பட்டாலும் பெயர்ப்பு என்று சொல்லக் கூடாத ஒன்றும் இருக்கிறது. மென்பொருள் எழுதுவோர், அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்ப்பது போன்ற வடிவ மாற்றங்களையும் மைக்ரேஷன் என்கிறார்கள்; அங்கே தரவு இடம் விட்டு நகர்வதில்லை, ஆகவே அது ‘வடிவ மாற்றம்’. வேறு நிறுவனத்தின் தரவுத்தளத்துக்கு மாறுவதோ பெயர்ப்பு என்னும் சொல்லுக்கு முழு உரிமை உடையது. அங்கே தரவு வகைகளும் வினவல்களும்கூட இன்னொரு மொழிக்கு மாற்றப்படுகின்றன.

துணைச் சொற்களில் டவுன்டைமுக்கு ‘நிறுத்த நேரம்’ தடையின்றிப் புரிகிறது. ரோல்பேக்கைப் ‘பழைய நிலைக்கு மீளல்’ என்று விரித்தே எழுதலாம். கட்ஓவர் என்பதற்கு ‘மாறுகணம்’ என்னும் சொல்லை நான் பயன்படுத்துகிறேன்: பழைய பிரதியில் எழுதுவதை நிறுத்தி, கடைசி மாற்றங்கள் வந்து சேர்ந்ததை உறுதிசெய்து, புதியதில் தரவுத்தளத்தைத் திறக்கும் அந்த இடைவெளிக்கு அது போதுமானதாக இருக்கிறது. மாறுகணம் கடந்த பிறகும் பழைய லன்களைச் சர்வரிலிருந்து உடனே விலக்குவதில்லை. மாதக் கடைசிக் கணக்கு போன்ற கனமான வேலையொன்று புதிய சேமிப்பகத்தில் பிழையின்றி ஓடி முடிந்த பின்னரே அவை விலக்கப்படுகின்றன, அதன் பிறகே திட்டக் குறிப்பில் ‘பெயர்ப்பு முடிந்தது’ என்று எழுதுகிறார்கள்.