பீவரின் அடிரோமமும் ஐரோப்பாவின் தொப்பியும்

ஆறு, ஓடைகளில் வாழும் கொறிவிலங்கான பீவரின் உடம்பில் ரோமம் இரண்டு அடுக்காக இருக்கும். வெளியே நீளமான முரட்டு முடி. அதற்கு அடியில் பஞ்சுபோல அடர்ந்த அடிரோமம்; குளிர்ந்த நீர் தோலைத் தொடாமல் காப்பது இதுதான். இந்த அடிரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தித் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். நூற்காமல், நெய்யாமல் உறுதியான துணி தயார். இதன் பெயர் ஃபெல்ட். மழையில் நனைந்தாலும் வடிவம் லேசில் கெடாது. ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்கு வேறென்ன வேண்டும்?

மேற்கு ஐரோப்பாவில் பீவர் அரிதாகிவிட, வணிகர்கள் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். 1670இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், ஹட்சன் விரிகுடாவில் போய்ச் சேரும் ஆறுகளின் நிலம் முழுவதையும் ஹட்சன் பே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். இன்றைய கனடாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கம்பெனியின் கிடங்குகளில் கத்தி, போர்வை, துப்பாக்கி எதுவானாலும் விலை பீவர் தோல் கணக்கில்தான்.

இதில் ஒரு வேடிக்கை. வணிகர்கள் புதுத் தோலைவிட, பூர்வகுடி மக்கள் உடுத்திப் பழசான பீவர் தோல் அங்கிக்கே அதிக மதிப்புக் கொடுத்தார்கள். ரோமம் உள்பக்கமாக இருக்கும்படி அணிவதால், உடம்பில் உரசி உரசி முரட்டு முடி உதிர்ந்திருக்கும். தொப்பிக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். பிற்பாடு புதுத் தோலிலேயே பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவும் முறை வந்தது. அது இழைகளைச் சொரசொரப்பாக்கி எளிதில் பின்னிக்கொள்ள வைத்தது. பட்டறையில் பாதரச ஆவியைச் சுவாசித்தவர்களுக்கோ கை நடுங்கியது, மனம் குழம்பியது.

1840கள் வாக்கில் பட்டுத் தொப்பி நாகரிகமானது. பீவரைக் கொஞ்சமாவது காப்பாற்றியது இந்த ஃபேஷன் மாற்றம்தான். ஆனாலும் இறைச்சிக்கும், மருந்தாகப் பயன்பட்ட அதன் வாசனைச் சுரப்புக்கும் வேட்டை நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமாகச் சேர்த்து சுமார் 1,200 யுரேசிய பீவர்களே மிஞ்சின.

அப்புறம்தான் மனிதர்களுக்கு அது கட்டும் அணை கண்ணில் பட்டது. கிளையும் சேறும் கொண்டு ஓடையை மறித்தால் நீரின் வேகம் குறையும். தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கும். கோடையிலும் கரையில் ஈரம் நிற்கும். 1948இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநில வனவிலங்குத் துறை, ஊர்ப்பக்கம் தொந்தரவாக இருந்த 76 பீவர்களை மரப்பெட்டிகளில் அடைத்து, போரில் மிஞ்சிய பாராசூட்டுகளில் மலைக்காட்டில் இறக்கியது. தரையைத் தொட்டதும் பெட்டி தானாகத் திறந்துகொள்ளும். நடுவானிலேயே பெட்டியை விட்டு வெளியே வந்த ஒன்று மட்டும் விழுந்து இறந்தது. மற்றவை போன இடத்தில் அணை கட்டக் கிளம்பிவிட்டன.