போதை மறுவாழ்வு: காசு கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்ப்பக்கம் யாராவது வந்து, "போதை மறுவாழ்வுக்கு மத்திய அரசு நிதி வாங்கித் தர்றேன், ஆதார் நகலும் ஃபாரத்துக்கு ஐந்நூறு ரூபாயும் குடுங்க" என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். குடிக்கிறவர் கையிலோ வீட்டார் கையிலோ பணம் கொடுக்கிற திட்டம் அது இல்லை. பணம் சிகிச்சை மையங்களுக்குப் போகிறது. உங்களுக்கு வர வேண்டியது காசு வாங்காத சிகிச்சை.

திட்டத்தின் கதையை நாலு வரியில் முடித்துவிடலாம். போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல் திட்டம் என்று பெயர். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018இல் கொண்டுவந்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களுக்கும், அரசு மருத்துவமனைகளுக்குள் இயங்கும் போதை சிகிச்சைப் பிரிவுகளுக்கும் இதிலிருந்து மானியம் உண்டு. 2020 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய 'நஷா முக்த் பாரத்' (போதையில்லா இந்தியா) இயக்கமும் இதே அமைச்சகத்துடையதுதான். குடியும் இதில் சேர்த்தி. "இது கஞ்சா கேஸுக்கு மட்டும்" என்று கவுன்டரில் சொன்னால் நம்பித் திரும்பி வராதீர்கள்.

முதலில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தர்மபுரியில் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் போலுப்பள்ளி. காலையில் ஓ.பி. சீட்டு போடும்போதே "மனநலப் பிரிவு" என்று சொல்லி வாங்குங்கள். சொல்லாவிட்டால் பொது மருத்துவத்துக்கு எழுதிவிடுவார்கள். அங்கே ஒரு வரிசை, ஒரு சத்து மாத்திரை, "குடிக்காம இருங்கய்யா" என்று ஒரு அறிவுரை, அன்றைய கூலியும் போச்சு. ராத்திரி தள்ளாடுகிறவரை அழைத்துப் போனால் குளுக்கோஸ் ஏற்றி விடியற்காலை அனுப்பிவிடுவார்கள். அதைச் சிகிச்சை முடிந்ததாக எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு ஆபத்து "வீட்ல ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க, அப்புறம் வாங்க" என்பது. பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத ஆள் எதிரே நிற்பதாகத் தோன்றுவது எல்லாம் வரலாம். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவதற்குள் உயிரே போய்விடும். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி அட்மிஷன் கேளுங்கள். "பெட் இல்லை" என்றால் அதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதக் கேட்டதும் பெட் காலியான அதிசயத்தைப் பார்த்திருக்கிறேன்.

துணைக்கு ஆண் ஆள் வேண்டும் என்பார்கள். அடி வாங்கிக்கொண்டு புருஷனைக் கூட்டி வந்த பெண்ணிடம் இதைக் கேட்பது எந்த ஊர் நியாயமோ. ஆனால் நடைமுறை இதுதான். அண்ணன், மச்சான், பெங்களூருக்கு வேலைக்குப் போன தம்பி என யாரையாவது முதல் நாலைந்து நாளுக்கு இருக்கும்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போங்கள்.

இங்கே அலைந்து சலித்த குடும்பம்தான் தனியார் மறுவாழ்வு ஹோமில் போய் மாட்டுகிறது. காரிமங்கலம் பக்கத்து அம்மா ஒருவர் புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரசீதைக் காட்டினார். மூன்று மாதம், சாப்பாடு உட்பட, இவ்வளவு ரூபாய். பதிவு எண் இல்லை, டாக்டர் பெயர் இல்லை, கீழே ஒரு செல்போன் நம்பர் மட்டும். கூடவே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். மகனோடு பேச விடவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும். அப்படிப்பட்டவர்களைச் சேர்த்து வைக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் கேளுங்கள், "ரினியூவலுக்குப் போயிருக்கு" என்றால் நகலைக் கேளுங்கள், அதுவும் இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். ராத்திரி வேனில் நாலு பேர் வந்து தூக்கிப் போகிறார்களே, அது சட்டப்படியான அட்மிஷன் இல்லை. விருப்பமில்லாதவரைச் சேர்க்க மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து எழுத வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியில் கட்டுவதையும் கட்டாயமாக மொட்டையடிப்பதையும் சட்டம் தடுக்கிறது. ஆகவே "மூணு மாச பேக்கேஜ்" என்று பேச்சு ஆரம்பித்தாலே உஷாராகுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து எந்த நிலையிலும் வேண்டாம்.

மானியம் வாங்கும் மையத்தைக் கண்டுபிடிக்க 14446 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடுங்கள். பொதுவாக "நல்ல சென்டர் சொல்லுங்க" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "அமைச்சக மானியத்தில் நடக்கும் மையம், பக்கத்தில் எது" என்று கேளுங்கள். அங்கே போனபின் "கவர்மென்ட் பெட் ஃபுல், காசு கட்டினா இப்பவே சேர்க்கலாம்" என்றால், காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதியச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று மறுபடி 14446க்குப் பேசுங்கள்.

கஞ்சாவோடு பிடிபட்ட பையன்களின் வீட்டாருக்கு ஒரு விஷயம். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் உபயோகித்ததற்காகவோ சிறு அளவோடோ சிக்கி, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்கு வழக்கு இல்லை என்கிறது. கஞ்சாவில் சிறு அளவு என்பது 1 கிலோவுக்குக் கீழே. சிக்கல் இரண்டு. சிகிச்சை அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகாரம் பெற்ற இடத்திலோ இருக்க வேண்டும். ஹோம் கொடுக்கும் சர்டிஃபிகேட் செல்லாது. பாதியில் ஓடிவந்தால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெற்றுவிடலாம். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்க" என்ற யோசனையைக் கேட்பதற்கு முன்னால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள்.

தடுப்புப் பணம் எங்கே போகிறது என்பது தனிப் புலம்பல். ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் 2013 வரை போதைத் தடுப்புக்கும் தகவலுக்கும் என்றே தனித் திட்டம் வைத்திருந்தது. அமெரிக்காவில் ஊர்க் கூட்டமைப்புகளுக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர் வரை தருகிறார்கள். ஆனால் பெற்றோர், மாணவர், காவல்துறை, பள்ளி என 12 தரப்பும் அதில் உட்கார வேண்டும், தங்கள் பங்காகவும் நிதியோ உழைப்போ காட்ட வேண்டும். நம் பக்கம் பெற்றோருக்குக் கிடைப்பது வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும், வெயிலில் நிற்கும் பிள்ளைகளின் பேனர் போட்டோவும்.

கலெக்டர் ஆபீஸில் கேட்டால் கலால் பிரிவு சமூகநலத்தைக் காட்டும், சமூகநலம் சுகாதாரத்தைக் காட்டும். நடையாய் நடப்பதைவிட 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். "போதை ஒழிப்புக்கு என்ன செய்தீர்கள்" என்று எழுதினால் பேரணிப் பட்டியல் வரும். இப்படி எழுதுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மானியம் பெற்ற நிறுவனங்களின் பெயர், முகவரி, ஒவ்வொன்றுக்கும் விடுவித்த தொகை, அனுமதித்த படுக்கை எண்ணிக்கை, அவை கொடுத்த செலவுச் சான்றிதழின் நகல். இதை மத்திய அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆன்லைனிலேயே அனுப்பலாம். மாவட்டத்துக்கு அனுப்பினால், "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை.