கூரை மட்டும் போதாது: அகதிக் குடும்பங்கள் எதையெல்லாம் கேட்கலாம்?

இரண்டு பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 3.5 சதுர மீட்டர் வரும். போருக்கோ வெள்ளத்துக்கோ தப்பி ஊரை விட்டு வந்த ஒருவருக்குக் கூரைக்குக் கீழே கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச இடம் அதுதான். படுப்பது, துணிமூட்டையை வைப்பது, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தனியாகப் படுக்கவைப்பது எல்லாம் அதற்குள்தான். சமையலுக்கும் குளியலுக்கும் வேண்டிய இடம் இந்தக் கணக்கில் சேராது. குளிர் அதிகமுள்ள இடங்களிலும், சமையலும் குளியலும் உள்ளேயே நடக்கும் இடங்களிலும் ஒருவருக்கு 4.5 முதல் 5.5 சதுர மீட்டர் வரை வேண்டும்.

இந்த அளவுகளைச் சொல்வது ‘ஸ்பியர்’ என்ற தரவிதித் தொகுப்பு. நிவாரண அமைப்புகள் கூடி 1997இல் தொடங்கிய முயற்சி இது. நான்காம் பதிப்பு 2018இல் வந்தது. இது சட்டம் இல்லை. ஆனாலும் நிவாரணத் துறையே தனக்கு வகுத்துக்கொண்ட அளவு என்பதால், முகாமில் இருப்பவர் இதைக் காட்டித் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

சட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் 21ஆவது பிரிவு வீட்டுவசதி பற்றியது. சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்கு, அதே நிலையில் உள்ள மற்ற வெளிநாட்டவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இதில் எதுவும் கிடைக்கக் கூடாது என்கிறது. இது கையெழுத்திட்ட நாடுகளுக்குத்தான் பொருந்தும். அப்புறம், 1966இன் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை, போதுமான வீட்டை ஒவ்வொருவரின் உரிமையாகவே 11ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. கையில் குடியுரிமைச் சான்று இல்லை என்பதற்காக இந்த உரிமையை மறுக்கக் கூடாது என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2009இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, ‘போதுமான வீடு’ என்றால் என்ன? அதே குழு 1991இல் ஏழு அம்சங்களைச் சொன்னது. தண்ணீர், கழிப்பறை போன்ற வசதிகள், தாங்கக்கூடிய செலவு, வெயில் மழையிலிருந்து காப்பு, முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் புழங்கத் தோதான அமைப்பு, வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரக்கூடிய இடம், வாழ்முறைக்குப் பொருத்தம் ஆகியவை ஆறு. மீதமுள்ள ஒன்றை அந்தக் குழு முதலில் வைத்திருக்கிறது. நானும் அதைத்தான் முதலில் வைப்பேன்: நாளைக்கே யாரும் வெளியேற்ற மாட்டார்கள் என்ற சட்டப் பாதுகாப்பு. சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், எந்த நேரமும் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம் இருந்தால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக்கூட மனம் வராது.

அகதிகள் என்றாலே கூடாரம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் பெரும்பாலானோர் முகாமுக்கு வெளியேதான் வாழ்கிறார்கள்: பாதி கட்டி நிற்கும் கட்டடத்தில், உறவினர் வீட்டுத் திண்ணையில், வாடகை அறையில். இவர்களுக்கு உதவும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சிரியாவிலிருந்து வந்த குடும்பங்களுக்காக ஜோர்டானிலும் லெபனானிலும் அதைச் செய்தார்கள். வீட்டுக்காரர் பணமில்லாமல் பாதியில் நிறுத்திய தளத்துக்கு உதவி அமைப்பு பணம் தரும். அவர் கதவு, ஜன்னல், கழிப்பறை, மின்இணைப்பு எல்லாம் போட்டு முடிப்பார். பதிலுக்கு, ஒப்பந்தத்தில் எழுதிய காலம் வரை ஒரு குடும்பம் அங்கே வாடகையில்லாமல் இருக்கும். உள்ளூர்க்காரர் சொத்து சீராகிறது, வந்தவருக்கும் கதவுள்ள வீடு கிடைக்கிறது. எங்கள் வாடகையை இவர்கள் ஏற்றிவிட்டார்கள் என்ற மனத்தாங்கலும் குறையும். ஆனால் காலம் முடிந்த மறுநாள் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டால் குடும்பம் திரும்பவும் தெருவுக்குத்தான் வரும்.

முகாமில் இருப்பவர்கள் கூடாரத்தை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றியும் பார்க்க வேண்டும். பாதைகள், பள்ளி, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 45 சதுர மீட்டர் என்பது ஸ்பியர் கணக்கு. இரண்டு கூடாரங்களுக்கு நடுவே குறைந்தது 2 மீட்டர் விட வேண்டும். 300 மீட்டர் நீளத்துக்குக் குடியிருப்பு இருந்தால் 30 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும். ஒரு அடுப்பிலிருந்து பறந்த பொறி முகாமையே எரிக்காமல் இருக்க அதுதான் வழி. தண்ணீர்க் குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒருவருக்கு 15 லிட்டராவது கிடைக்க வேண்டும். கழிப்பறை 20 பேருக்கு ஒன்று, கூடாரத்திலிருந்து 50 மீட்டருக்குள். உள்பக்கம் தாழ்ப்பாளும், போகும் வழியில் விளக்கும் கட்டாயம். இருட்டில் போகப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களுக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய விஷயம்!

இடம் ஒதுக்கும்போது, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாயை முகாமின் ஓரத்தில் தள்ளக் கூடாது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் படி இல்லாத வாசல் வேண்டும், குழாயும் கழிப்பறையும் பக்கத்தில் வேண்டும். இவற்றை யாரும் தானாகக் கேட்டுக்கொண்டு வர மாட்டார்கள். பதிவு செய்யும்போதே சொல்லி எழுதவைப்பது நல்லது.

வெளியேறச் சொன்னால்? ஐ.நா. குழு 1997இல் இதற்கும் விதிமுறை சொன்னது. பாதிக்கப்படும் மக்களிடம் முதலில் பேச வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும். இரவிலோ மோசமான வானிலையிலோ, அவர்கள் சம்மதிக்காமல், வெளியேற்றக் கூடாது. வருகிற அதிகாரி தான் யார் என்று காட்ட வேண்டும். நீதிமன்றம் போகவும் வழி இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் கையில் ஒரு தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தமோ முகாம் ஒதுக்கீட்டுச் சீட்டோ, வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்குங்கள். அதில் கணவர் பெயரோடு மனைவி பெயரும் இருக்கட்டும். அவர் இறந்துபோனாலோ விட்டுப் போனாலோ அவளும் பிள்ளைகளும் அந்த இடத்தில் தொடர்ந்து இருக்க அந்த ஒரு வரிதான் ஆதாரம்.