அங்கே ஐஸ், இங்கே குழி

போன மாசியில் பிரஷர் பார்க்க வந்த ஆச்சி ஒருவர், கையை நீட்டுவதற்கு முன் போனை நீட்டினார். மினசோட்டாவில் வேலை பார்க்கும் பேரன் அனுப்பிய வீடியோ. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. நடுவில் ஒரு கூடாரம், அதற்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துளை. கவிழ்த்துப் போட்ட வாளியில் குல்லாவும் கையுறையுமாகப் பையன், கையில் முழ நீளத் தூண்டில். அவன் உட்கார்ந்திருப்பது தரையில் இல்லை, ஏரியின் மேல்.

"ஏன் தம்பி, இது ஒடைஞ்சு உள்ள போயிட்டா? எங்க பேச்சை எங்க கேக்குறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அன்றைக்கு அவருக்குப் பிரஷர் 160.

காரைக்குடிப் பக்கம் இருபது வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். உறைந்த ஏரியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீரில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அன்று இரவே பையனை அழைத்தேன்.

அவனுக்கு ஒரே உற்சாகம். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம் என்பதால் அது அடியில் தங்கிவிடுமாம், மேலே ஐஸ் போர்வை மாதிரி மூடிக்கொள்ள, மீன்கள் அடியில் சோம்பலாகத் திரியுமாம். பிடித்ததை அங்கேயே வறுத்து, பக்கத்துக் கூடாரத்துக்கும் கொடுப்பார்களாம். ராத்திரியில் ஐஸ் சுருங்கி விரிசல் விடும்போது யாரோ பெரிய கம்பியைச் சுண்டிவிட்ட மாதிரி ஏரி முழுக்கச் சத்தம் ஓடுமாம். "நம்ம ஊர்ல கண்மாய் அழியும்போது, அதான் தண்ணி வத்தி ஊரே இறங்கி மீன் பிடிக்கும்போது இருக்கிற குஷி, அங்கிள். கூட்டம்தான் கம்மி" என்றான்.

பயமில்லையா என்று கேட்டேன். அளக்காமல் கால் வைக்க மாட்டோம் என்றான். கடப்பாரை மாதிரி ஒன்றால் முன்னால் குத்திக்கொண்டே நடக்கிறார்கள், அங்கங்கே துளை போட்டு டேப் வைக்கிறார்கள். தெளிந்த புது ஐஸ் 4 அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம், சின்னக் கார் போக 9, 10 அங்குலமாவது வேண்டும். பனி கலந்து வெளுத்த ஐஸுக்குப் பாதி பலம்தான், அதனால் இரண்டு மடங்கு தடிமன் பார்க்க வேண்டும். மார்ச் வந்துவிட்டால் தடிமனாக இருப்பதும் உளுத்த மரம் மாதிரிதான். கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு வைத்தால் காற்றுப் போக வழி விடச் சொன்னேன். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார்.

விழுந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். குளிர் ஆளை உடனே கொல்லாது. கொல்வது முதல் நிமிடத்தில் தன்னால் வரும் அந்தப் பெரிய மூச்சு. அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. கனடாவில் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் தன்னையே ஐஸ் தண்ணீரில் இறக்கிப் பார்த்துச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: மூச்சை நிலைப்படுத்த 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். எனவே முதலில் மூச்சு, பிறகுதான் ஏறுவது. வந்த திசைக்கே திரும்ப வேண்டும், அந்த ஐஸ்தான் நம்மைத் தாங்கிய ஐஸ். காலை உதைத்து, மீன் மாதிரி வயிற்றால் மேலே வழுக்கி, எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும். ஐஸில் குத்திப் பிடித்து ஏற, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரண்டு குத்தூசிகள் விற்கிறார்கள். வாங்கி வைத்திருக்கிறான், கெட்டிக்காரன்.

மறுநாள் ஆச்சியிடம், "உங்க பேரன் விவரமாத்தான் இருக்கான், கவலைப்படாதீங்க" என்றேன். சித்திரையில் ஊருக்கு வருவான், கண்மாயில் இறங்கி ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்றார். "நம்ம ஊர்த் தண்ணிக்கு என்ன பயம்?"

அதே வாரம்தான் மீன்பிடித் திருவிழா நடந்த ஒரு கண்மாயிலிருந்து இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பிழைத்தார்.

மீன்பிடித் திருவிழாவை நான் குறை சொல்லவில்லை. தண்ணீர் வற்றி முழங்காலளவுக்கு வந்ததும், ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடி ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆயிரம் பேர் சேற்றில் இருப்பார்கள். அன்று சாயங்காலம் எந்தத் தெருவில் போனாலும் மீன் குழம்பு வாசம். நானே சின்ன வயதில் அப்பாவின் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்தான்.

ஆனால் அந்தக் கண்மாய் இப்போது இல்லை. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரிந்த மடைப் பள்ளம் ஒன்றுதான் அன்று ஆழம். இன்று ஜேசிபி எங்கே தோண்டியது என்று அவருக்கே தெரியாது. மண் எடுத்த குழி, கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். கலங்கின தண்ணீரில் முழங்காலுக்கும் ஆளுயரத்துக்கும் நடுவே ஓர் எட்டுதான். அடியில் களி காலைக் கவ்விக்கொள்ளும். மூழ்குகிறவர் சினிமாவில் மாதிரிக் கத்த மாட்டார். மூச்சுக்கே நேரம் போதாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் அவர் மட்டும் சத்தமில்லாமல் போய்விடுவார்.

பார்த்தவர் குதிக்கக் கூடாது. அன்று இறந்தவர் காப்பாற்றப் போனவர். வேட்டியை முறுக்கி வீசுங்கள், மூங்கிலை நீட்டுங்கள், மூடி போட்ட காலிக் கேனைத் தூக்கி எறியுங்கள். கரையேற்றியதும் தோளில் தலைகீழாகப் போட்டு ஓடுவதும், வயிற்றை அமுக்குவதும் வேண்டவே வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சு நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை. எழுந்து உட்கார்ந்து டீ குடித்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். பல வருடங்களுக்கு முன் நான் இரவுப் பணியில் இருந்தபோது, பைக்கில் இருவர் நடுவே ஒரு பையனை உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். பேச்சில்லை, கை கழுத்தில், முகம் நீலம். வாயைத் திறந்தால் தொண்டையில் ஒரு வால். இரண்டு கையும் வேலையாக இருக்க, பிடித்த பனையேறிக் கெண்டையைப் பல்லில் கவ்வியிருக்கிறான், அது துள்ளி உள்ளே போய்விட்டது. அந்த மீனின் செவுள் மூடி ரம்பம் மாதிரி. உள்ளே போகும், திரும்பி வராது. இழுத்தால் கிழியும். காது மூக்கு தொண்டை மருத்துவர் வந்து கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்த பிறகுதான் மீனை எடுத்தோம். மீனைக் கவ்வும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், வேறென்ன சொல்ல.

கெளுத்தி முள் குத்தினால் மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் தடவாதீர்கள். அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும். பொறுக்கிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் காலை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது, அந்தக் காலுக்குச் சுரணை குறைவு. முள்ளுக்கு வந்தவரை வெந்த காலோடு பார்த்திருக்கிறேன். வேறு ஒருவர் கையால் பார்க்கட்டும். வலி நின்றாலும் முள் ஒடிந்து உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே, கூடவே டிடி ஊசி. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால், கண்மாயில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எலிக் காய்ச்சலாக இருக்கலாம். நாங்கள் கேட்க மறப்பதும் உண்டு.

சித்திரையில் பேரன் வந்தான். ஆச்சியோடு கிளினிக்குக்கும் வந்தான். நாளைக்குக் கண்மாய் என்றான். எங்கெங்கே குழி, யார் அளந்தார்கள் என்று கேட்டேன். சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

மறுநாள் விடிவதற்குள் அவனும் நீர்ப்பாய்ச்சியும் நான்கு இளவட்டங்களும் மூங்கில் கழியால் குத்திக்கொண்டே போய், இரண்டு குழியைச் சுற்றிக் குச்சி நட்டு ஆச்சியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினார்களாம். மூன்றாவது ஒன்று மடைக்கு வடக்கே இருந்ததை வெள்ளைத் துண்டு வீசிய பிறகுதான் ஒருவர் ஞாபகப்படுத்தியிருக்கிறார். பேரன் அந்த ஓரத்தில் கழியை நட்டு, மதியம் வரை அங்கேயே நின்றிருக்கிறான். ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை என்று ஆச்சிக்கு இன்னும் வருத்தம்.